பத்து மணிப் பேய்

வலது மணிக்கட்டில் தொடங்கிய வலி முழங்கை வழியாக ஏறித் தோளில் போய்க் குந்திக்கொண்டது. டீ கிளாஸைத் தூக்கினால் சுருக். தாழ்ப்பாளைத் திருகினால் சுருக். மவுஸைத் தொட்டால் சுருக்கெல்லாம் இல்லை, நெருப்பு. மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தவள், நான்காவது வாரம் டாக்டரிடம் போய் நின்றாள். அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு பட்டையைக் கட்டினார்.

"ஆறு வாரம் மவுஸைத் தொடக் கூடாது."

"என் வேலையே அதுதான் டாக்டர்."

"வேலை வேணுமா கை வேணுமான்னு வீட்டுல போய் யோசிச்சுக்குங்க."

வீட்டில் அம்மா கட்டைப் பார்த்ததும் சிரித்தாள். முப்பது வருஷம் தலையில் செங்கல் சுமந்து சாரம் ஏறியவள் அவள். வலியில் ஆயிரம் தினுசு அவளுக்குத் தெரியும். இது எந்தத் தினுசிலும் சேராது என்பது அவள் கட்சி.

"ஒரு நாளைக்கு ஆயிரம் கல்லு தூக்கினேன். கழுத்து தேஞ்சுது, முட்டி தேஞ்சுது. நீ சோப்புக் கட்டி சைசுல ஒண்ணத் தள்ளிட்டே கைய ஒடிச்சுட்டு வந்திருக்க."

"நீ தள்ளிப் பாரு, தெரியும்."

"நீ தூக்கிப் பாரு, தெரியும்" என்ற அம்மா, சொன்ன கையோடு தட்டை இழுத்துப் பிசைந்து ஊட்ட வந்தாள். முப்பத்தாறு வயதில் வாயைத் திறந்து காட்டினாள் மகள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'பூட்டு'. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், நாலு மேசையும் ஒரு கண்ணாடித் தடுப்பும் உள்ள அலுவலகம் அது. தொழிலாளர் நல வாரியத்தின் இணையதளத்தைப் பராமரிக்கிற ஒப்பந்தம் அவர்களுடையது. தளத்துக்குள் திருடன் நுழையாமல் பார்ப்பது அவள் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர். வண்ணங்களையும் வடிவத்தையும் பார்க்கிறவனை 'வண்ணம்' என்று கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த மேலாளருக்கு முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான்.

மவுஸ் போனதும் பூட்டு விசைப்பலகையை மட்டும் நம்பி வாழக் கற்றாள். டேப் விசையைத் தட்டினால் திரையில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம். என்டர் தட்டினால் அழுத்தலாம். இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். தெரிவதற்கும் அதை வைத்தே பிழைப்பதற்கும் உள்ள தூரம், நீச்சலைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கும் கிணற்றில் விழுவதற்கும் உள்ள தூரம்.

வியாழக்கிழமை காலை வாரியத்தின் உயிர்ச்சான்றுப் பக்கத்தைச் சோதிக்க உட்கார்ந்தாள். வேலையில் உடம்பு கெட்ட தொழிலாளிகளுக்கு வாரியம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அவர்கள் அந்தப் பக்கத்தில் வந்து, 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று பதிய வேண்டும். பதியாவிட்டால் தொகை நின்றுவிடும். நின்றவர்களுக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. அதைத் தாண்டினால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். இந்த வருஷம் அந்தத் தேதி இந்த மாதம் முப்பது. அன்று இருபத்தொன்று.

ஒரு சோதனை எண்ணைப் போட்டு டேப், டேப் என்று தட்டிப் போனாள். முடித்தாள். இரண்டாவது எண்ணைப் போட்டாள். பாதி வழியில் திரை வெளுத்தது. நடுவில் ஒரு வாக்கியம் வந்து நின்றது.

'உங்கள் செயல்பாடு மனிதருடையதாக இல்லை. நீங்கள் இயந்திரம் எனக் கருதி வெளியேற்றப்படுகிறீர்கள்.'

அவள் எழுதிய வாக்கியம் அது. சொல்லுக்குச் சொல் அவளுடையது.

போன வருஷம் எவனோ ஒரு கணினியை ஏவிவிட்டு இருநூறு போலி விண்ணப்பங்களை ஒரே ராத்திரியில் போட்டுவிட்டான். வாரியத்திலிருந்து வந்த ஏச்சு கண்ணாடித் தடுப்பைத் தாண்டிக் கேட்டது. "ஏதாவது பண்ணும்மா" என்றார் அப்புறம்; 'அப்புறம்' சொல்லாமல் அவர் பேசிய ஒரே நாள் அது. அன்று மத்தியானம் பூட்டு பத்து வரி நிரல் எழுதினாள். மவுஸ் கொஞ்சம்கூட அசையவில்லை. ஒரே கணினியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு எண்கள் வருகின்றன. இரண்டும் சேர்ந்திருந்தால் வருவது மனிதனில்லை, வெளியே தள்ளு. கணினியும் அப்படியே தள்ளியது. போலிகள் நின்றன. அவளுக்குக் கைதட்டல் கிடைத்தது.

தள்ளப்பட்டவற்றில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நாள் தவறாமல் காலை பத்து மணிக்கு. மவுஸ் அசையாது. மெதுவாக, ஒவ்வொரு கட்டமாக நகரும். தள்ளினால் போய்விடும், மறுநாள் பத்து மணிக்கு அதே இடத்தில் வந்து நிற்கும். "அக்கா, உன் பத்து மணிப் பேய் வந்துடுச்சு" என்பான் வண்ணம். பதினோரு நாள் வந்த பேய் பன்னிரண்டாம் நாள் வரவில்லை. பேயை ஓட்டின சந்தோஷத்தில் வண்ணம் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். பூட்டும் குடித்தாள்.

இப்போது வெளுத்த திரைக்கு முன்னால் கையில் பட்டையோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தப் பத்து மணிப் பேய் ஞாபகம் வந்தது.

பழைய பதிவுகளைத் திறந்தாள். தளத்துக்குள் யார் எப்போது எந்தக் கட்டத்தில் நின்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அன்றைக்கு அதை ஒரு இயந்திரத்தின் தடமாகப் பார்த்தவள், இப்போது நடந்து போன ஆளின் காலடியாகப் பார்த்தாள். பிறந்த தேதிக் கட்டம்வரை சரளமாகப் போயிருக்கிறது. அதற்கடுத்த கட்டத்தில் தயங்கியிருக்கிறது. பின்னால் போய், மறுபடி வந்து, மறுபடி பின்னால் போய், நாலு நிமிஷம் சும்மா நின்றிருக்கிறது. திரையை வாசிக்கும் மென்பொருள் சொல்வதற்கு அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் எழுதி வைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கண்ணுக்குப் படம் தெரியும். காதுக்குச் சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. எந்த இயந்திரம் நாலு நிமிஷம் யோசிக்கும்?

மொத்தம் ஏழு பதிவு எண்கள். முதல் எண் அந்தக் கட்டத்தில் சிக்கி நிற்க, அடுத்த எண்ணைப் போட்டதுமே ஆள் வெளியே தள்ளப்பட்டிருக்கிறார். உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளிலும் தேடினாள். ஒரே ஒரு குறிப்பு இருந்தது: 'பார்வையற்றவர். இணையத்தில் பதிய முடியவில்லை என்கிறார். இணையத்தில் புகார் பதியுமாறு அறிவுறுத்தப்பட்டது.'

புகார்ப் பக்கமும் அதே பூட்டுக்குள்தான் இருந்தது.

இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். தளத்தைத் திறந்து வைக்குமுன் நிரப்ப வேண்டிய சரிபார்ப்புத் தாள் அது. இருபத்தேழாவது வரி: 'விசைப்பலகை மட்டும் கொண்டும், திரையை வாசிக்கும் மென்பொருள் கொண்டும் சோதிக்கப்பட்டது.' பக்கத்தில் டிக். கீழே அவள் கையெழுத்து. சோதிக்கவில்லை. எல்லோரும் போடுகிற டிக்தான் அது. அப்புறம் சோதிக்கலாம் என்றுதான் போட்டாள்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்தாள். ஏழு எண்களில் முதலாவதின் கைபேசி உபயோகத்தில் இல்லை. முகவரி இருந்தது. இரண்டு பேருந்து மாறி, பழைய இரும்புக் கிடங்கின் மதிலை ஒட்டிய சந்துக்குள் போனாள். கடைசியில் ஒரே அறை உள்ள வீடு. வாசலில் தகரம் இறக்கி, மேசை போட்டு, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் அவள் முழங்கை நரம்பு புடைத்து அடங்கியது.

பதிவு எண்ணுக்கு உரியவரின் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டாள் பூட்டு.

"அந்தப் பேரைச் சொல்லிக் கேக்கறது நீதாம்மா மொத ஆளு. இங்க எல்லாருக்கும் அவரு வெடிக்காரரு. நீ எங்கேருந்து வர்ற?"

"வாரியத்து வெப்சைட் பாத்துக்கற ஆபீஸ்லேருந்து."

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "செத்து நாப்பத்தஞ்சு நாளாச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சட்டையை மடித்துவிட்டு அடுத்த சட்டையை எடுக்கிற குரலில் சொன்னாள். "உள்ள வா. வெயில்ல நிக்காத."

வெடிக்காரர் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைத்தவர். இருபது வருஷத்துக்கு முன் ஒரு வெடி அவர் ஓடுமுன் வெடித்தது. கண்கள் போயின. கல்தூசி முன்பே நுரையீரலுக்குள் குடியேறியிருந்தது. அதே குவாரியில் கல் தெறித்துக் கண் போனவர்கள் இன்னும் ஆறு பேர். அந்த ஏழு பேரில் கணினி பழகியவர் அவர் ஒருத்தர்தான். எங்கோ இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஆறு மாதம் தடியைத் தட்டிக்கொண்டு போய்ப் பழகினார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு ஒரு பழைய கணினியும் அங்கேயே கிடைத்தது. ஏழு பேருக்கும் அவர்தான் குமாஸ்தா. ஆறு பேரும் காலையில் பத்து மணிக்கு இந்த அறைக்கு வந்து வரிசையாகச் சுவரில் சாய்ந்து உட்காருவார்கள். அவர் ஒவ்வொரு எண்ணாகப் போடுவார்.

"நீங்க பாத்துப் போட்டிருக்கலாமேம்மா" என்றாள் பூட்டு. சொன்ன பிறகுதான் அதில் எவ்வளவு தப்பித்தல் இருந்தது என்பது அவளுக்கே கேட்டது.

"எனக்கு எழுத்து தெரியாது. அவருக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு ஆளு. ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக்கூட போனோம். அந்தப் பையன் ஒரு நம்பரைத் தப்பாப் போட்டுட்டு, சரியாயிடும் போங்கன்னுட்டான். சரியாகல." அவள் மூலையில் இருந்த கணினியைத் தட்டினாள். "இதைத் துணி போட்டு மூடிட்டேன். அது பேசறதைக் கேட்டா அவரு உக்காந்திருக்காருன்னு தோணும்."

துணியை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள். மவுஸ் இல்லை, விசைப்பலகையில் டேப் விசையின் எழுத்து மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஏற்ற இறக்கம் இல்லாத ஓர் ஆண் குரல், கடைசியாகத் திறந்திருந்த பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியது. 'கட்டம். கட்டம். பொத்தான், பெயர் இல்லை. பொத்தான், பெயர் இல்லை.' பிறகு, மூச்சே விடாமல்: 'உங்கள் செயல்பாடு மனிதருடையதாக இல்லை. நீங்கள் இயந்திரம் எனக் கருதி வெளியேற்றப்படுகிறீர்கள்.'

அந்த அறையில், வெந்த துணி வாசனைக்கு நடுவில், தன் வாக்கியத்தை இன்னொருத்தர் வாயால் கேட்டாள் பூட்டு. எழுதும்போது அது ஒரு வரி. இங்கே அது வீட்டுக்குள் வந்து ஆளை வெளியே போகச் சொல்கிற குரல்.

"மொத நாள் சிரிச்சாரு" என்றாள் இஸ்திரிக்காரி. "'ஏன்டி, நான் மிஷினாம்டி. மிஷினுக்கு எதுக்குடி சோறு போடற'ன்னாரு. சொவத்துல சாஞ்சிருந்தவங்களும் சிரிச்சாங்க. ரெண்டாம் நாளும் சிரிச்சாங்க. பதினோராவது நாள் யாரும் சிரிக்கல. அவரு கையைக் கீபோர்டுலேருந்து எடுத்துட்டு, 'நாளைலேருந்து வராதீங்கடா'ன்னாரு."

பூட்டு துணியை எடுத்துக் கணினியை மறுபடி மூடினாள்.

"பணம் நின்னுச்சு. மாத்திரையைப் பாதியா ஒடச்சு முழுங்கினாரு. அதனாலதான் செத்தாருன்னு சொல்ல மாட்டேன், பொய் சொல்லக் கூடாது. நெஞ்சு முழுக்கத் தூசி. ஆனா மாத்திரைய ஒடச்சது அதனாலதான்." பெட்டியின் சூட்டை ஈர விரலால் தொட்டுப் பார்த்தாள். சுர்ரென்றது. "அவரு கதை முடிஞ்சுது. மத்த ஆறு பேரு இருக்காங்க. முப்பதாம் தேதிக்குள்ள அவங்களை உள்ள விடுவியா?"

"விடறேன்மா."

"இன்னொண்ணு. அந்த வாக்கியத்த எழுதினவன் யாருன்னு தெரிஞ்சா எனக்குச் சொல்லு. சண்டைக்குப் போக மாட்டேன். என் ஆளு மிஷின் இல்லன்னு அவன் மூஞ்சிக்கு நேரா ஒரு தடவ சொல்லணும். அவ்வளவுதான்."

பூட்டின் வாய் திறந்தது. "விசாரிச்சுச் சொல்றேன்மா" என்று அது சொன்னது.

திங்கட்கிழமை காலை அவள் கண்ணாடித் தடுப்புக்குள் போனாள். அப்புறம் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை பேர் இப்படி வருவாங்க? நூத்துக்கு ஒருத்தர்?"

"கண்ணு போனவங்களுக்கும் கை போனவங்களுக்கும் உதவித்தொகை கொடுக்கற பக்கம் சார் அது. நூத்துக்கு எழுவது பேர் வருவாங்க."

அவர் சுழல்வது நின்றது. ஆனாலும், "பூட்டை எடுத்தா போலி வரும். வாரியத்துல அனுமதி கேக்கணும். அப்புறம்..."

"முப்பதாம் தேதி சார். அப்புறம்னு ஒண்ணு இல்ல."

"கடிதம் எழுதிக் குடு, பாக்கலாம்."

வெளியே வந்து உட்கார்ந்தாள். மணி பத்து அடித்தது. பழக்க தோஷத்தில் கண்கள் பதிவுத் திரைக்குப் போயின. அங்கே ஒரு தடம் வந்திருந்தது. மவுஸ் அசையவில்லை. மெதுவாக, ஒவ்வொரு கட்டமாக. பதிவு எண்ணைப் பார்த்தாள். வெடிக்காரருடையது.

வண்ணமும் எட்டிப் பார்த்தான். "அட, பேய் திரும்பி வந்துடுச்..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தடம் பிறந்த தேதியைத் தாண்டியது. பெயரில்லாத கட்டத்தில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பூட்டின் மணிக்கட்டு, கட்டுக்குள்ளே தனியாகத் துடித்தது. செத்தவன் வந்து 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று பதிய முயல்கிறான். அவள் எழுதிய பத்து வரி அவனை வெளியே தள்ளக் காத்திருக்கிறது.

இஸ்திரிக்காரி கொடுத்திருந்த எண்ணுக்குக் கைபேசியில் கூப்பிட்டாள். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"யாரு?"

"நீங்க யாரு? அந்தக் கம்ப்யூட்டர்ல யாரு இருக்காங்க?"

"நான்தாம்மா, சல்லி. ஆறு பேருல ஒருத்தன். நீ உள்ள விடறேன்னு சொன்னியாமே. யாராவது பழகித்தானே ஆகணும்? அவரு தட்டறப்ப பக்கத்துல உக்காந்து கொஞ்சம் கத்துக்கிட்டேன். மிஷினைத் தொறந்தா அவரு நம்பர்தான் தானா வருது. அழிக்கத் தெரியல."

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. "நாளைக்கு எங்க ஆபீசுக்கு வர முடியுமாய்யா? வந்து இதையே இங்க செய்யணும். எல்லாரும் பாக்கணும்."

"வேடிக்கை காட்டவா? வர்றேன். டீ உண்டுல்ல?"

சல்லி குள்ளமானவர். ஜல்லி உடைத்தே உரம் ஏறிய தோள். மறுநாள் இரண்டு மாடிப் படியையும் எண்ணிக்கொண்டே ஏறி வந்தார். வண்ணத்தின் மேசையில் அவரை உட்கார வைத்து, வாசிக்கும் மென்பொருளைப் போட்டு, ஒலியைக் கூட்டினாள் பூட்டு. அப்புறமும் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலு பேரும் தங்கள் தளத்தை முதல் முறையாகக் காதால் கேட்டார்கள்.

'படம். படம். படம். படம். இணைப்பு, இங்கே. இணைப்பு, இங்கே.'

"எங்கய்யா 'இங்கே'?" என்றார் சல்லி. "கண்ணு இல்லாதவன்கிட்ட இங்க வா, இங்க வான்னா, எந்தப் பக்கம் வர்றது?"

வண்ணம் தொண்டையைச் செருமினான்.

'பொத்தான், பெயர் இல்லை.'

"புள்ள பொறந்து எத்தனை வருசமாச்சு? இன்னும் பேரு வைக்கலியா?"

யாரோ சிரிக்கப் பார்த்து விழுங்கினார்கள். தப்பாக நிரப்பினால் கட்டம் சிவப்பாகும் என்று வண்ணம் விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். சல்லி ஒரு கட்டத்தில் தப்பாக நிரப்பிவிட்டார். திரை அதைச் சிவப்பாக்கிக் காட்டியது, குரல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சரியாகிவிட்டது என்று எண்ணி அடுத்ததற்குப் போய்விட்டார். அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுக்க வண்ணம் இரண்டு நாள் செலவழித்திருந்தான்.

தன் எண்ணைப் போட்டார். அடுத்து இன்னொரு தோழருடைய எண்ணைப் போட்டார். குரல் அறை முழுக்கச் சொன்னது: 'உங்கள் செயல்பாடு மனிதருடையதாக இல்லை.'

சல்லி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இப்போது அவர் நகைச்சுவை பேசவில்லை. "இதைத்தான் வெடிக்காரரு பதினோரு நாள் கேட்டாரு" என்றார். "நாங்க கூடவே உக்காந்து கேட்டோம்."

அப்புறம் அவளைத் தடுப்புக்குள் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "இன்னைக்கே எடுத்துடு. வாரியத்துல நான் பேசறேன். ஆனா ஒரு அறிக்கை வேணும். 'தற்காலிகத் தொழில்நுட்பக் கோளாறு, கண்டறிந்து சரிசெய்யப்பட்டது.' அவ்வளவுதான் இருக்கணும். யாரு எழுதினாங்க, யாரு சோதிக்காம டிக் போட்டாங்க, யாரு செத்தாங்க, எதுவும் வெளிய போகக் கூடாது. போச்சுன்னா ஒப்பந்தம் போகும். அப்ப இந்தப் பக்கத்தைச் சரி பண்ண நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன். வர்றவன் மறுபடி மொதல்லேருந்து பூட்டுவான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கஷ்டம். ஆறு பேர், ஐந்து நாள். பூட்டு இடது கையால் கையெழுத்துப் போட்டாள். குழந்தை எழுதினது மாதிரி கோணியிருந்தது.

அன்று மாலைக்குள் பத்து வரியையும் எடுத்தாள். போலிகளைத் தடுக்க வேறு வழி செய்தாள். ஆளின் நடையைப் பார்த்துத் துரத்தாத வழி. புகார்ப் பக்கத்தைத் திறந்து வைத்து, உதவி எண் எடுப்பவளிடம், "பாக்க முடியலன்னு யார் சொன்னாலும் நீயே கேட்டு எழுதிக்கோ, வெப்சைட்டுக்கு அனுப்பாத" என்றாள். பெயரில்லாத கட்டங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அறுபத்திமூன்று. வண்ணம் யாரும் சொல்லாமலே தன் மவுஸைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டு மூடினான். இனி எந்தப் பக்கமும் வெளியே போகுமுன் ஒரு நாள் முழுக்க எல்லோருடைய மவுஸும் இழுப்பறையில் இருக்க வேண்டும் என்று அவனே சுவரில் எழுதி ஒட்டினான். அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை தோறும் சல்லி வந்து சோதிப்பதாகப் பேச்சாயிற்று. "சும்மா வர மாட்டேன், கூலி உண்டு" என்றார் அவர். அப்புறமும் 'அப்புறம்' சொல்லாமல் ஒத்துக்கொண்டார். "கரண்ட் பில்லு கட்டற எடம், பஸ்சு டிக்கெட்டு எடுக்கற எடம், பேங்க்கு, எல்லாத்துலயும் இதே கதைதான்" என்று சல்லி அடுக்க அடுக்க, பூட்டு ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான் என்று குறித்துக் கடிதம் எழுதினாள். பதில் வராது என்று தெரியும். மறுபடி எழுத வேண்டும் என்றும் தெரியும்.

வலி குறைந்தது. குரல் குறையவில்லை. பேருந்தில் உட்கார்ந்தால், 'ஜன்னல், பெயர் இல்லை' என்றது. படியேறினால், 'கதவு, பெயர் இல்லை.' ஒரு நாள் காலை அம்மா டீயை நீட்டிக்கொண்டே, "தூக்கத்துல வெளிய போறேன், வெளிய போறேன்னு பொலம்பற. யாருடி உன்னை வெளிய போகச் சொன்னது?" என்றாள்.

"நான்தாம்மா."

"நல்லாருக்குடி" என்ற அம்மா, மேலே கேட்கவில்லை. ஆனால் டீ கிளாஸை அவள் கையில் தராமல், அவளே பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தாள்.

இருபத்தெட்டாம் தேதி பூட்டு மறுபடி அந்தச் சந்துக்குப் போனாள். ஆறு பேரும் சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். யாரும் அப்படிச் சொல்லி வைத்ததில்லை. சல்லி விசைப்பலகைக்கு முன்னால். பத்து மணிக்குத் தொடங்கினார். குரல் ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் சொல்லச் சொல்ல அவர் நிரப்பினார். தப்பு செய்த இடத்தில் குரலே நிறுத்தித் தப்பு என்றது. "பரவால்ல, புத்தி வந்துடுச்சு" என்றார் ஒருத்தர் சுவரிலிருந்து. முதல் சான்று ஏறியது. 'உங்கள் உயிர்ச்சான்று ஏற்கப்பட்டது' என்று குரல் சொன்னபோது அதற்குரியவர் தன் நெஞ்சை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

பதினொன்றரைக்குள் ஆறும் முடிந்தன. ஆறாவது முடிந்ததும் சல்லியின் விரல் பழக்கத்தில் இன்னொரு தடவை தட்டிவிட்டது. பக்கம் புதிதாகத் திறந்தது. கணினி தானாக அந்தப் பழைய எண்ணை நிரப்பி, வெடிக்காரரின் முழுப் பெயரை வாசித்தது. 'உயிருடன் இருக்கிறீர்களா? ஆம், பொத்தான். இல்லை, பொத்தான்.' இரண்டுக்கும் இப்போது பெயர் இருந்தது. சல்லியின் கை அந்தரத்தில் நின்றது. குரல், பதில் வராததால், மறுபடி கேட்டது. மூன்றாம் தடவையும் கேட்டது. இஸ்திரிக்காரி எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

ஆறு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சந்து வழியே போன பிறகு, அவள் வாசலுக்கு வந்து பெட்டியை எடுத்தாள். ஒரு வெள்ளைச் சட்டையை விரித்து, காலரை நீவிவிட்டு, நிமிராமலே கேட்டாள்.

"விசாரிச்சியாம்மா? யாரு அவன்?"

பூட்டு மேசையின் மறுபக்கம் நின்றாள். பெட்டி இரண்டு தடவை போய் வந்தது. சொல்லலாம். நாலு சொல் போதும். சொன்னால் அந்த அம்மா சண்டைக்கு வர மாட்டாள். சொன்ன வாக்குப்படி முகத்துக்கு நேரே ஒரு வாக்கியம் சொல்வாள், அதோடு சரி. கோணல் கையெழுத்துப் போட்ட அறிக்கை ஞாபகம் வந்தது. வியாழக்கிழமைகள் ஞாபகம் வந்தன. அவை காரணம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். பயந்தாள்.

"இன்னும் தெரியலம்மா. விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சரி, மெதுவாக் கேளு. நான் இங்கதான் இருப்பேன்" என்றாள் இஸ்திரிக்காரி. சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

பட்டையை அவிழ்த்து மூன்று வாரமாகிறது. சல்லி வியாழன்தோறும் வருகிறார். ஆறு பேருக்கும் தொகை வருகிறது. வெடிக்காரரின் மனைவியிடம், அந்த வாக்கியத்தை எழுதினது நான்தான் என்று பூட்டு சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.